கிரீட் தீவில் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்? (சைவ அம்மாவும் உடன் வருகிறார்)

வைகைக்கரையான்:
அக்டோபர் கடைசியில் கிரீட் தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, அம்மா. ஹானியாவில் இறங்கி, ரெத்திம்னோ வழியாக ஹெராக்லியோன் வரை காரில் போவதாகத் திட்டம். க்னோஸோஸ் அரண்மனை, கடற்கரைகள், மலைக்கிராமங்கள் பற்றியெல்லாம் வேண்டிய அளவு படித்தாயிற்று. சாப்பாடு பற்றித்தான் இன்னும் தெளிவில்லை.

சுவ்லாக்கியும் மூஸாக்காவும் கிரீஸ் முழுக்கக் கிடைக்கும். கிரீட்காரர்கள் தங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும் என்பது ஆசை. நானும் மனைவியும் எல்லாம் சாப்பிடுவோம். அம்மா சுத்த சைவம். முட்டையும் கிடையாது, பால், தயிர், வெண்ணெய் உண்டு. அவரைத் தினமும் சாலட்டும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட வைத்துவிட்டு நாங்கள் மட்டும் ருசி பார்ப்பது முறையில்லை. ரக்கி என்ற சாராயம் பற்றியும் கேள்விப்பட்டேன். போய் வந்தவர்கள், அங்கே இருந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கடலோடி:
நல்ல மாதத்தில் போகிறீர்கள். கப்பல் வேலையில் இருந்தபோது ஹானியாவுக்குப் பக்கத்தில் சூதா துறைமுகத்தில் அடிக்கடி நின்றிருக்கிறோம். அப்படிப் பழகிய ஊர், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், மெனு அட்டையை நம்பாதீர்கள். "இன்றைக்கு என்ன சமைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கிராமத்துத் தவேர்னாக்களில் (சிறு உணவகங்களில்) இப்படிக் கேட்டால் பல இடங்களில் சமையலறைக்கே கூட்டிப்போய்ப் பாத்திர மூடிகளைத் திறந்து காட்டுவார்கள். காலையில் அடுப்பேற்றியது மத்தியானத்துக்குப் பதமாகி இருக்கும். அட்டையில் எண்பது வகை இருக்கலாம். அன்று அந்த வீட்டில் சமைத்தது ஐந்தோ ஆறோதான், ருசியும் அவற்றில்தான் இருக்கும்.

டாகோஸில் ஆரம்பியுங்கள். வாற்கோதுமை மாவில் ரொட்டி சுட்டு, அதை வெட்டி, மறுபடி அடுப்பில் காயவைத்தால் கல் மாதிரி இறுகிவிடும். அதுதான் பக்ஸிமாதி. மாதக்கணக்கில் கெடாது. ஆட்டு மந்தையோடு மலைக்குப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் கட்டிக்கொண்டு போன உணவு. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, துருவிய தக்காளியைப் பரப்பி, மிஸித்ரா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டு, ஓரிகானோ தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் டாகோஸ். வந்ததும் கத்தியை எடுக்காதீர்கள். பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்தால் தக்காளிச் சாறும் எண்ணெயும் அடிவரை இறங்கும். மேலே மென்மை, நடுவில் இன்னும் கொஞ்சம் கரகரப்பு என்று இருக்கும்போது சாப்பிட வேண்டும். சில கடைகளில் மிஸித்ராவுக்குப் பதில் ஃபெட்டா போடுகிறார்கள். அது ருசியாக இருக்கலாம், ஆனால் கிரீட்டின் டாகோஸ் இல்லை. புளிப்பு மிஸித்ரா இருக்கிறதா என்று கேளுங்கள், க்ஸினோமிஸித்ரா என்பார்கள். அதைப் போட்டால் டாகோஸின் குணமே வேறு.

ஹானியாவில் புரேக்கி கட்டாயம். சீமைச் சுரைக்காய், உருளைக்கிழங்கு இரண்டையும் மெல்லிய வில்லைகளாக அடுக்கி, நடுவே மிஸித்ராவும் புதினாவும் வைத்து அடுப்பில் வேகவைப்பது. தெற்குப் பக்கம் ஸ்ஃபாக்கியா போனால் அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு பீட்டா உண்டு. மாவுக்குள் மிஸித்ராவை வைத்து, கையால் தட்டி விரித்து, எண்ணெய் இல்லாத தட்டையான சட்டியில் சுட்டு, மேலே தைம் தேன் ஊற்றித் தருவார்கள். இது இனிப்பா, சாப்பாடா என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

உங்களுக்கும் மனைவிக்கும் மலைப்பக்கத்து இறைச்சி. ப்ஸிலோரிட்டிஸ் மலைச்சரிவில் அனோயா என்ற ஊர் இருக்கிறது. அங்கே அந்திக்ரிஸ்தோ செய்வார்கள். ஆட்டைப் பெரிய துண்டுகளாக வெட்டி, கம்பிகளில் கோத்து, நெருப்பைச் சுற்றி வட்டமாக நட்டு வைப்பார்கள். கறி நெருப்புக்கு மேலே இருக்காது, எதிரே இருக்கும். உப்பைத் தவிர எதுவும் கிடையாது. மூன்று நான்கு மணி நேரம் அந்த அனலிலேயே வேகும். ஸ்ஃபாக்கியா பக்கம் சிகரியாஸ்தோ: ஆட்டிறைச்சியை ஆலிவ் எண்ணெயில் சின்னத் தீயில் வெகு நேரம் வேகவிடுவது. மசாலா எதுவும் இல்லாமல் கறி இப்படியும் ருசிக்குமா என்று நினைப்பீர்கள். மலையில் மேய்ந்த ஆடு, அவ்வளவுதான் ரகசியம்.

யாழினி_ஸ்டுட்கார்ட்:
கடலோடி அண்ணா இறைச்சியை எழுதிவிட்டார், அம்மாவுக்கானதை நான் எழுதுகிறேன். நாங்கள் ஜெர்மனியில் இருந்து விடுமுறைக்குப் பெரும்பாலும் கிரீட்தான் போவோம். என் மாமியார் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார். ஐரோப்பாவில் அவர் வயிறாரச் சாப்பிட்ட இடம் கிரீட் என்று தயங்காமல் சொல்வேன்.

காரணம் அவர்களுடைய விரதம். ஓர்த்தடாக்ஸ் சபையில் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் புனித வாரமும், ஆகஸ்ட் 1 முதல் 14 வரை, நவம்பர் 15 முதல் கிறிஸ்மஸ் வரை, அது போக வருடம் முழுக்கப் பெரும்பாலான புதன், வெள்ளி என்று விரத நாட்கள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. எல்லோரும் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் நூற்றாண்டுகளாக அப்படிச் சமைத்துச் சமைத்து, மரக்கறியில் அவர்களுக்குப் பெரிய கைப்பக்குவம் வந்துவிட்டது. விரத உணவை நிஸ்தீஸிமா என்பார்கள். "ஈனே நிஸ்தீஸிமோ?" என்று கேட்டால் எந்தப் பாட்டிக்கும் உடனே விளங்கும். "வெஜிடேரியன்" என்று கேட்பதைவிட இது பலமுறை எங்களுக்குக் கைகொடுத்தது.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாக வாசியுங்கள். இரத்தம் இல்லாத உயிரினங்கள் என்று கணக்கில் எடுத்து கணவாய், ஆக்டோபஸ், இறால், நத்தை எல்லாவற்றையும் விரதத்தில் அனுமதிக்கிறார்கள். மீன்முட்டையில் செய்யும் தரமசலாத்தாவும் விரத மேசையில் வரும். ஆகவே நிஸ்தீஸிமோ என்று கேட்டதும், "ஹோரிஸ் தலஸினா", கடல் உணவு இல்லாமல், என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெனுவில் லதேரா என்ற தலைப்பைத் தேடுங்கள். தக்காளி, வெங்காயம், ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்த மரக்கறிகள். ஃபசோலாக்கியா என்றால் பச்சை பீன்ஸ். பாமியெஸ் என்றால் வெண்டைக்காய், ஆம், நம் வெண்டைக்காயேதான், விரல் நீளம்கூட இல்லாத பிஞ்சு. வெண்டைக்காய் கோடையோடு முடியும், அக்டோபர் கடைசியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். யெமிஸ்தா என்றால் தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் சோறும் மூலிகைகளும் வைத்து வேகவைத்தது. இதில் சில இடங்களில் கொத்திறைச்சி போடுவார்கள், கேட்க வேண்டும். ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு மசியல் எந்தக் கடையிலும் இருக்கும். மேலே நறுக்கிய வெங்காயமும் எலுமிச்சையும் வரும். நம் வீட்டில் நெய் விட்டுக் கடைந்த பருப்பு சாப்பிடுகிறவருக்கு அது அந்நியமாக இருக்காது.

சீஸ் பற்றி: க்ராவியேரா போன்ற கட்டிச் சீஸ்களில் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுத்த உறைப்பொருளைத்தான் பாரம்பரியமாகச் சேர்க்கிறார்கள். அதில் அம்மாவுக்கு ஆட்சேபம் உண்டா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கலிட்சூனியா என்ற சின்னப் பணியாரங்களின் மாவிலும், புரேக்கியிலும் சில வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள். ஸ்ஃபாக்கியா பீட்டாவில் முட்டை வழக்கமில்லை, ஆனால் மாவு பிசையும்போது கொஞ்சம் ரக்கி விடுவது உண்டு.

வைகைக்கரையான்:
யாழினி அக்கா, இவ்வளவு விவரத்தை நான் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சீஸ் உறைப்பொருள் விஷயத்தில் அவருக்கு ஆட்சேபம் உண்டு, அதனால் க்ராவியேரா வேண்டாம். ஒரு கேள்வி: அம்மாவுக்கு ஒரு வேளையாவது சோறு வேண்டும். கிரீட்டில் பிலாஃப் பிரபலம் என்கிறார்களே, அதை வாங்கித் தரலாமா?

கடலோடி:
வேண்டாம்! நல்லவேளை கேட்டீர்கள். கிரீட்டின் கமோபிலாஃபோ கல்யாண வீட்டுச் சோறு. பார்த்தால் ஒன்றும் சேர்க்காத வெள்ளைச் சோறு மாதிரி குழைவாக இருக்கும், ஒரு துண்டு கறிகூடக் கண்ணில் படாது. ஆனால் ஆட்டையும் சேவலையும் மணிக்கணக்கில் வேகவைத்து இறக்கிய சாற்றில்தான் அரிசி வெந்திருக்கும். கடைசியில் எலுமிச்சையும், ஸ்தாக்கா என்ற ஆட்டுப்பால் ஆடையில் இருந்து பிரித்த வெண்ணெயும் சேர்ப்பார்கள். கறியைத் தனித் தட்டில் கொண்டுவருவதால், சோறு சைவம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

நீங்கள் இருவரும் அதை விடாதீர்கள். ஹானியா மாவட்டத்துக் கல்யாணங்களில் ஆயிரம் பேருக்குக்கூட இப்படிச் சமைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல தவேர்னாக்களிலும் கிடைக்கும். அம்மாவுக்குச் சோறு வேண்டுமென்றால் ஸ்பனகோரிஸோ கேளுங்கள், பசலைபோல் ஒரு கீரையும் அரிசியும் எலுமிச்சையும். அல்லது தோல்மாதாக்கியா, திராட்சை இலையில் அரிசி சுருட்டியது. கிரீட்டில் அதைப் பெரும்பாலும் இறைச்சி இல்லாமல்தான் செய்கிறார்கள். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

மண்வாசனை:
கீரை பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே! கிரீட் உணவில் எனக்கு அதுதான் முதலிடம். நான் வேளாண்மை படித்தவன். அந்தத் தீவில் வயதான பெண்கள் ஒரு கத்தியும் பையும் எடுத்துக்கொண்டு சாலையோரம் குனிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். விதைக்காமல் தானாக முளைத்த கீரைகளைப் பறிக்கிறார்கள். பொதுவாக ஹோர்த்தா என்று சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிப் பருவம், தனிச் சமையல்.

கோடையில் வ்லீத்தா. இது நம் தண்டுக்கீரையின் இனமேதான், அமராந்தஸ். சுரைக்காய்ப் பிஞ்சோடு வேகவைத்து, தண்ணீரை வடித்து, எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருவார்கள். அக்டோபரில் முதல் மழை விழுந்ததும் மலைக் கீரைகள் கிளம்பும். ஸ்தம்நகாதி என்பது முட்களுக்கு நடுவே வளரும் ஒரு வகைச் சிக்கரி. கசப்பு நாக்கில் நின்று பேசும். கடலோரப் பாறைகளிலும் மலையிலும் தானாக வளர்ந்ததைப் பறித்தது ஒரு காலம், இப்போது வயலிலும் பயிரிடுகிறார்கள். காட்டில் பறித்ததற்கும் வயலில் விளைந்ததற்கும் கசப்பில் வித்தியாசம் தெரியும். நம்மவர்கள் பாகற்காய்க்குப் பழகியவர்கள், கசப்பு உங்களைப் பயமுறுத்தாது.

இன்னொன்று. கீரை வேகவைத்த தண்ணீரை அங்கே சிலர் எலுமிச்சை பிழிந்து குடிப்பார்கள். வீட்டில் தங்கினால் கேட்டுப்பாருங்கள்.

வாழைப்பழம் வாங்க மறக்காதீர்கள். தெற்குக் கரையில் ஆர்வி, வடக்கே மாலியா பக்கம் பசுமைக்குடில்களில் வாழை பயிரிடுகிறார்கள். சிறிய பழம், நல்ல இனிப்பு, சாலையோரக் கடைகளில் தாராகத் தொங்கும். ஐரோப்பாவின் பல்பொருள் அங்காடிகளில் கிடைக்கும் பெரிய பழத்தைவிட எனக்கு இது பல மடங்கு பிடிக்கும்.

நாடித்துடிப்பு:
மருத்துவர் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். "மத்தியதரைக்கடல் உணவுமுறை" என்று நாம் இன்று நோயாளிகளுக்குச் சொல்வதன் வேர்களில் ஒன்று கிரீட்தான். உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் 1960இல் கிரீட் கிராமங்களின் ஆண்களைச் சேர்த்தார்கள். 40 முதல் 59 வயது வரை உள்ளவர்கள். கலோரியில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தும், அதில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெயாக இருந்ததால், ஆய்வு செய்த குழுக்களிலேயே மாரடைப்பு மரணம் மிகக் குறைவாக இருந்த குழுக்களில் அவர்களும் ஒன்று. ஃபின்லாந்தின் கிழக்குப் பகுதியோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால் எண்ணெய் மிதக்கிறதே என்று பயந்து தட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

மண்வாசனை:
டாக்டர் சொல்வது சரி. ஆனால் அந்த ஆய்வில் இருந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1948இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கிரீட்டில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. லேலண்ட் ஆல்பா தலைமையில் நடந்தது, 1953இல் புத்தகமாக வந்தது. வாற்கோதுமை ரொட்டி, கீரை, பருப்பு, ஆலிவ், பழம், கொஞ்சம் சீஸ், இறைச்சி எப்போதாவது. சாப்பிட்டவர்களிடம் கேட்டபோது, இந்த உணவு போதும் என்று சொன்ன குடும்பங்கள் ஆறில் ஒன்றுதான். இறைச்சி வேண்டும் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள்.

அவர்கள் நாள் முழுக்க மலையில் நடந்தவர்கள். இன்று ஒரு சுற்றுலாப் பயணி மத்தியானம் சிகரியாஸ்தோ, இரவு அந்திக்ரிஸ்தோ, நடுவில் பொரித்த பணியாரம் என்று சாப்பிட்டுவிட்டு "நான் கிரீட் உணவுமுறையில் இருந்தேன்" என்றால் அது பொருந்தாது. அந்த மக்களுக்கு ஆட்டுக்கறி கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும்தான். பக்ஸிமாதியும் கீரையும் பட்டாணிப் பருப்பும்தான் அன்றாடம். அதைத் தேடிச் சாப்பிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். உங்கள் அம்மா சாப்பிடப் போவதுதான் பழைய கிரீட்டின் அசல் சாப்பாடு.

நாடித்துடிப்பு:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன், மண்வாசனை. நடையையும் பசியையும் விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் இல்லை.

கீழக்கரை_நூர்:
அஸ்ஸலாமு அலைக்கும். நாங்களும் அடுத்த வருடம் போக நினைக்கிறோம். ஹலால் இறைச்சி கிடைக்குமா? மது தொடாதவர்களுக்குக் குடிக்க என்ன இருக்கிறது? சாப்பிட்டு முடித்ததும் ரக்கி கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒருவர் பயமுறுத்தினார்.

யாழினி_ஸ்டுட்கார்ட்:
வ அலைக்கும் ஸலாம், நூர். ஊர்த் தவேர்னாக்களில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க முடியாது. அப்பாக்கி என்பது வினிகரில் ஊறவைத்துப் புகையூட்டிய பன்றி இறைச்சி. அதை சாலட்டிலும் பாஸ்தாவிலும் ஆம்லெட்டிலும் துண்டு துண்டாகப் போடுவார்கள், அதனால் கேட்டே வாங்குங்கள். "ஹோரிஸ் ஹிரினோ" என்றால் பன்றி இறைச்சி இல்லாமல். முயலையும் சேவலையும் ஆக்டோபஸையும் வைனில் வேகவைப்பது வழக்கம், அதையும் கேட்க வேண்டும். மீன் உங்களுக்கு நல்ல வழி. கணவாயைப் பெருஞ்சீரகத் தழையும் பச்சை ஆலிவும் சேர்த்துச் சமைப்பது கிரீட்டுக்கே உரியது. ஆனால் அதிலும் சிலர் வைன் ஊற்றுவார்கள்.

ரக்கியை மறுத்தால் யாரும் கோபித்ததை நான் பார்த்ததில்லை. நெஞ்சில் கை வைத்து "எஃப்ஹரிஸ்தோ", நன்றி, என்று சொல்லிச் சிரித்தால் போதும். அதோடு வரும் பழமோ இனிப்போ உங்களுக்குத்தான். அதை மறுக்க வேண்டாம், அது வீட்டாரின் உபசாரம்.

குடிக்க நிறைய இருக்கிறது. மலோதீரா என்ற மலைத்தேநீர், வெள்ளை மலைகளிலும் ப்ஸிலோரிட்டிஸிலும் வளரும் மூலிகை. பால் கிடையாது, தேன் சேர்த்துக் குடிக்கலாம். திக்தமோ என்ற இன்னொரு மூலிகை கிரீட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பாதாமில் செய்யும் சுமாதா கல்யாண வீடுகளில் தரும் வெள்ளைப் பானம், சீனி அதிகம், குளிர்ந்த தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். ஹானியா மலைகளில் தெமேனியா என்ற கிராமத்தில் தயாராகும் சோடாவும் எலுமிச்சைப் பானமும் போத்தலில் கிடைக்கும். என் பிள்ளைகளுக்கு அதுதான் விருப்பம்.

கஸானிக்காரன்:
ரக்கி பற்றிக் கேட்டதால் உள்ளே வந்தேன். ஒரு வருடம் ஆலிவ் அறுவடைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போய் அங்கே இருந்தவன். வைகைக்கரையான், நீங்கள் போகும் நேரம் கஸானி காலம், அதாவது ரக்கி காய்ச்சும் காலம். எத்தனையோ பேர் ஜூலையில் போய்க் கடற்கரையைப் பார்த்துவிட்டு இதைக் காணாமல் திரும்புகிறார்கள்.

வைனுக்குத் திராட்சையைப் பிழிந்த பிறகு மிஞ்சும் தோல், விதை, காம்பெல்லாம் சக்கையாகப் பீப்பாயில் ஒரு மாதத்துக்கு மேல் புளித்துக் கிடக்கும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் அதைச் செம்புக் கொப்பரையில் போட்டு, விறகு மூட்டி, ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீரில் இறக்குவார்கள். மூடியின் விளிம்பை மாவு பிசைந்து பூசி அடைப்பதைப் பார்க்கலாம். முதலில் சொட்டுவது கடுமையானது, அதை அப்படியே குடிக்க மாட்டார்கள். கொப்பரைக்காரர் சிறிய குவளையில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வார். முடிவில் ஏறத்தாழ 40 சதவீத ஆல்கஹால். சோம்பு வாசனை கிடையாது, தண்ணீர் சேர்த்தால் வெளுக்காது. அப்படி இருப்பது உஸோ என்ற இன்னொரு கிரேக்க மது, இது ரக்கி. மேற்கில் சிக்கூதியா என்றும் சொல்வார்கள்.

உரிமம் பெற்ற நாட்களில்தான் காய்ச்சலாம். அதனால் ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்துக்கொண்டு தங்கள் சக்கையைக் கொண்டுவரும். காய்ச்சும் நேரம் முழுக்கச் சாப்பாடுதான். தணலில் சுட்ட உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, ஆலிவ், மாதுளை, சீமைமாதுளை, சிலர் லீரா இசைக்கருவியோடு வருவார்கள். மாலை நேரத்தில் கிராமத்துக் கஃபெனியோவில் (காபிக்கடையில்) போய், "பக்கத்தில் கஸானி எங்கே நடக்கிறது?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் வழி சொல்வார். பெரும்பாலும் கூட்டிக்கொண்டே போய்விடுவார். அம்மாவையும் அழைத்துப் போகலாம், தணல் உருளைக்கிழங்கும் மாதுளையும் அவருக்கு ஆகும்.

குடிக்கும் முறை: சிறு குவளை, கூடவே ஏதாவது கொறிக்க. வெறும் வயிற்றில் வேண்டாம். ஒருவர் குவளையைக் காலி செய்தால் அடுத்தவர் நிரப்பிவிடுவார், அதனால் போதும் என்றால் குவளையை நிறைவாகவே விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் தேன், பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கித் தருவது ரக்கோமெலோ. தொண்டைக்கு இதமாக இறங்குவதால் அளவு தெரியாது, அதில் இன்னும் கவனம் வேண்டும்.

கார் ஓட்டப் போகிறவர் தொடவே கூடாது. சட்ட வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான். அதைவிட முக்கியம், அந்த மலைச்சாலைகளில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ஆடுகள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வைனும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்த் திராட்சை வகைகளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளையில் விதியானோ, அழிந்துபோகும் நிலையில் இருந்து மீட்டெடுத்த திராட்சை. சிவப்பில் கொச்சிஃபாலியும் மந்திலாரியும் கலந்தது ஹெராக்லியோனுக்குத் தெற்கே பேஸா பக்கம் விளைவது. ஹானியாவில் ரொமேய்கோ திராட்சையில் செய்து பீப்பாயில் பல வருடம் கிடக்கும் மருவாஸ், ஷெர்ரி வாசனை வரும், எல்லோருக்கும் பிடிக்காது, எனக்கு உயிர். தவேர்னாவின் சொந்த வைனைக் கிலோ கணக்கில்தான் கேட்பார்கள். "மிஸோ கிலோ" என்றால் அரை லிட்டர் ஜாடி வரும்.

துறைமுகத்துக்காற்று:
எல்லோரும் கிராமம் கிராமம் என்கிறீர்கள். ஹானியாவில் வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறைமுகத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மாலை அழகு எந்தக் கிராமத்திலும் கிடைக்காது. முதல் முறை போகிறவரை அதிலிருந்து தடுக்காதீர்கள். வயதான அம்மாவோடு மலைச்சாலையில் இரவு ஒரு மணி நேரம் காரோட்டச் சொல்வதும் நியாயமில்லை.

கடலோடி:
நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. துறைமுகத்தில் ஒரு மாலை உட்காருங்கள். காபியோ வைனோ, ஒரு தட்டு சீஸோ போதும். முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு தெரு உள்ளே போங்கள், ஸ்ப்லான்ட்ஸியா சதுக்கம் பக்கம் நடந்தே போகலாம். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடை வேண்டாம். உணவின் படங்களை ஆறு மொழிகளில் போட்டு வைத்திருக்கும் கடையும் வேண்டாம்.

பணம் பற்றிச் சில விஷயங்கள். ரொட்டிக்குத் தனிக் கட்டணம் பில்லில் வரும், கூவேர் என்பார்கள், அது ஏமாற்று இல்லை. மீனுக்குக் கிலோ விலைதான் எழுதியிருப்பார்கள். சமைக்கும் முன் உங்கள் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள், விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். மெனுவில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைபதன மீனோ இறைச்சியோ என்று அர்த்தம், அடிக்குறிப்பைப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். அம்மாவுக்கு அது தாமதம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரிய சாப்பாடு, இரவு தயிரும் பழமும் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஹானியாவுக்கும் ரெத்திம்னோவுக்கும் இடையில் வ்ரிஸ்ஸெஸ் என்ற ஊரில் ஆற்றோரம் பிளேன் மரத்தடியில் செம்மறியாட்டுத் தயிரும் தேனும் தருவார்கள். கட்டித் தயிர், மேலே ஆடை படிந்திருக்கும். அங்கே வண்டியை நிறுத்தாமல் போகாதீர்கள்.

வைகைக்கரையான்:
மனைவி நத்தை சாப்பிட்டே தீர வேண்டும் என்கிறார். எங்கே, எப்படி?

கஸானிக்காரன்:
முதல் மழைக்குப் பிறகு நத்தை வெளியே வரும், உங்கள் நேரம் பொருத்தமானது. ஹொஹ்லி பும்புரிஸ்தி என்று கேளுங்கள். சட்டியில் உப்பைப் பரப்பி, நத்தைகளை வாய்ப்பக்கம் கீழாக வைத்து வறுத்து, ஆலிவ் எண்ணெய், வினிகர், ரோஸ்மேரி சேர்ப்பார்கள். வினிகர் விழும்போது படபடவென்று வெடிக்கும். முள்கரண்டியால் குத்திச் சுற்றி இழுத்தால் முழுசாக வரும். மிஞ்சிய சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள், ருசி அங்கேதான் தங்கியிருக்கும். மலைப்பக்கத்துத் தவேர்னாக்களிலும் ஹெராக்லியோனின் ரக்கிக் கடைகளிலும் கிடைக்கும்.

யாழினி_ஸ்டுட்கார்ட்:
அக்டோபர் 28 அவர்களுக்குத் தேசிய விடுமுறை. ஊர்வலம் முடிந்ததும் எல்லாக் குடும்பங்களும் வெளியில் சாப்பிடக் கிளம்பிவிடும். அன்று மத்தியானத்துக்கு மேசையை முதல் நாளே சொல்லி வையுங்கள். மாதக் கடைசியோடு கடற்கரை விடுதிகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடைகளும் பல மூடத் தொடங்கும். நகரங்களிலும் மலையிலும் அந்தப் பிரச்சினை இல்லை.

காலைச் சாப்பாட்டுக்கு ஹானியாவில் புகாட்ஸா, மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கிச் சுட்ட பலகாரம். உள்ளே மிஸித்ரா, மேலே சீனியும் பட்டைத் தூளும். வடக்குக் கிரீஸில் கிரீம் வைத்துத் தருவார்கள், ஹானியாவில் சீஸின் உப்பும் சீனியும் சேர்ந்து வரும். பத்து மணிக்குள் போனால் சூடாக இருக்கும்.

வைகைக்கரையான்:
கடைசியாக ஒன்று. ரக்கியும் எண்ணெயும் ஊருக்குக் கொண்டுவர முடியுமா? கைப்பையில் விடமாட்டார்கள் என்று தெரியும்.

மண்வாசனை:
இரண்டையும் பெட்டியில்தான் போட வேண்டும். ரக்கியைக் கிராமத்தில் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். அன்போடு தருவதுதான், ஆனால் விமானத்தில் அது செல்லாது. 24 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதைக் கடையில் மூடி முத்திரையிட்ட பாட்டிலில்தான் பெட்டியில் வைக்கலாம். இந்தியாவில் தீர்வை இல்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் வரை. அதனால் லேபிள் உள்ள பாட்டிலை வாங்குங்கள், கிராமத்துப் பாட்டிலை அங்கேயே நண்பர்களோடு முடித்துவிடுங்கள்.

எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் வாங்காமல் தகர டப்பாவில் வாங்குங்கள். வெளிச்சமும் படாது, உடையவும் உடையாது. கிரீட்டில் பெரும்பாலும் கொரொனெய்க்கி என்ற சின்ன ஆலிவ். ஹானியா பக்கம் கொலிம்வாரி, கிழக்கே சித்தியா இரண்டு இடத்து எண்ணெய்க்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் உண்டு. கொலிம்வாரிக்குப் பக்கத்தில்தான் வூவெஸ் கிராமத்து ஆலிவ் மரம். 2,000 வயதுக்குக் குறையாது என்கிறார்கள், இன்னும் காய்க்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்த மரத்தின் கிளையும் வெற்றி வளையத்துக்குப் போனது. வழியில் பார்த்துவிடுங்கள்.

டப்பாவில் காலாவதித் தேதியைவிட அறுவடை ஆண்டைத் தேடுங்கள். நீங்கள் போகும் வாரத்தில் கடைகளில் இருப்பது போன வருடத்து எண்ணெயாகத்தான் இருக்கும், பொது அறுவடை நவம்பரில்தான் சூடு பிடிக்கும். ஆனால் சில ஆலைகள் பச்சைக்காயிலேயே முதல் எண்ணெய் எடுத்துவிடும், அதை அகுரேலியோ என்பார்கள். கரும்பச்சையாக, தொண்டையில் காரமாக இறங்கும். ஆலை வாசலில் லாரியும் மூட்டைகளும் நின்றால் உள்ளே போய் "அகுரேலியோ வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். வந்திருந்தால் ஒரு லிட்டர் டப்பா ஒன்றாவது எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சோற்றில் விட்டுச் சாப்பிடலாம்.